கரண்டி சாயாமல் நிற்பது எப்படி? கிரேக்கத் தயிரின் அறிவியல்

குளிர்பதனப் பெட்டியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டப்பாக்களின் மூடியிலும் ‘கிரீக் யோகர்ட்’ என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டிலும் கரண்டியை நட்டு வைத்தால் சாயாமல் நிற்கிறது. ஆனால் டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், ஒன்றில் பாலும் உறை நுண்ணுயிரிகளும் மட்டுமே இருக்கின்றன. மற்றொன்றில் அவற்றோடு பால் புரதப் பொடி, மாவுச்சத்து, கெட்டிப்படுத்தும் பழச்சத்தான பெக்டின் ஆகியவையும் வரிசை கட்டுகின்றன. முதலாவது தண்ணீரை வடித்ததால் கெட்டியானது, இரண்டாவது வேறு பொருளைச் சேர்த்ததால் கெட்டியானது. பார்வைக்குத் தெரியாத இந்த வேறுபாடு நாக்கிலும் அடுப்பிலும் மறுநாள் காலை டப்பாவின் மேற்பரப்பிலும் தெரிந்துவிடும். தனக்குப் பிடித்த கிரேக்கத் தயிர் எது என்று ஒருவர் தேடத் தொடங்கினால், இங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். புரதம் சுமார் 3.3 விழுக்காடுதான். அந்தப் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அது தனித்தனி மூலக்கூறுகளாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கில் திரண்டு, 100 முதல் 200 நானோமீட்டர் குறுக்களவு கொண்ட உருண்டைகளாக, அதாவது தலைமுடியின் பருமனில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்காக, பால் முழுவதும் பரவியிருக்கிறது. உருண்டையின் உள்ளே கால்சியம் பாஸ்பேட் சிமெண்டு போலப் பிணைப்பாக இருக்கிறது. வெளிப்புறத்தில் எதிர்மின்னூட்டம் பெற்ற மெல்லிய மயிரிழைகள் போன்ற ஒரு போர்வை உண்டு. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுவதால் உருண்டைகள் ஒட்டிக்கொள்வதில்லை; பால் பாலாகவே இருக்கிறது.

உறை ஊற்றியதும் இந்தச் சமநிலை குலையத் தொடங்குகிறது. தயிரை உருவாக்குபவை முக்கியமாக இரண்டு பாக்டீரியாக்கள்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ். பின்னதை, 1905-இல் ஜெனீவாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரோவ் தன் நாட்டுத் தயிரிலிருந்து கண்டறிந்தார். பெயரில் பல்கேரியா ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். சுமார் 42, 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இவை இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வெளிவிடும் ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் லாக்டோபேசில்லஸின் வளர்ச்சிக்கு உதவுகின்றன. லாக்டோபேசில்லஸ் புரதத்தை நறுக்கித் தரும் துண்டுகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இரையாகின்றன. இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் பாலின் சர்க்கரையான லாக்டோஸில் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாகிறது. அமிலம் ஏற ஏற இறங்கும் அளவுகோலான பிஹெச், பாலில் இருந்த 6.7-இலிருந்து இறங்க இறங்க, கேசீன் உருண்டைகளின் மின்னூட்டம் குறைகிறது, மயிரிழைப் போர்வை படிந்துவிடுகிறது, உள்ளே பிணைப்பாக இருந்த கால்சியம் கரைந்து வெளியேறுகிறது. பிஹெச் 4.6-ஐ எட்டும்போது கேசீனின் நிகர மின்னூட்டம் சுழியமாகிவிடுகிறது. தள்ளும் விசை இல்லாத உருண்டைகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு, கடற்பஞ்சு போன்ற ஒரு வலையைப் பின்னுகின்றன. தண்ணீரும் கொழுப்பும் அந்த வலைக்குள் சிறைப்படுகின்றன. நாம் தயிர் என்று அழைப்பது இந்த வலையைத்தான்.

இதற்கு முன்னால் நடக்கும் ஒரு வேலையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பாலை வெறுமனே கிருமி நீக்கத்திற்குத் தேவையான அளவு சூடாக்கினால் போதாது. 85 டிகிரியில் அரை மணி நேரமோ, 90 முதல் 95 டிகிரியில் ஐந்து நிமிடமோ வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில், கேசீன் அல்லாத மற்ற புரதங்கள், குறிப்பாக பீட்டா-லாக்டோகுளோபுலின், தம் மடிப்புகளை இழந்து கேசீன் உருண்டைகளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு வலை பின்னப்படும்போது இவையும் கண்ணிகளாகின்றன. சூடு போதாத பாலில் உறையும் தயிர் தொட்டால் உடைந்து தண்ணீர் விடுவதும், நன்றாகக் காய்ச்சிய பாலின் தயிர் கட்டியாக நிற்பதும் இதன் விளைவே. கிரேக்கத் தயிருக்கு இது இன்னொரு வகையிலும் ஆதாயம்: ஒட்டிக்கொண்ட புரதம் வடிகட்டும்போது தண்ணீரோடு ஓடிவிடாமல் தயிரிலேயே தங்குகிறது.

இனி வடிகட்டுதல். மெல்லிய துணியில் தயிரைக் கட்டித் தொங்கவிட்டால், மஞ்சளும் பச்சையும் கலந்த சாயலில் ஒரு தெளிநீர் சொட்டுகிறது. அந்த நிறம் ரைபோஃப்ளேவின் என்னும் வைட்டமினால் வருவது. அந்தத் தெளிநீரில் கரைந்திருப்பவை எல்லாம் தயிரை விட்டுப் போகின்றன. வலையில் சிக்கியிருப்பவை எல்லாம் தங்குகின்றன. கிரேக்கத் தயிரைப் பற்றிய அநேகமாக எல்லாக் கேள்விகளுக்கும் இந்த ஒரு விதியிலிருந்தே விடை பெறலாம். கொழுப்பு நீக்காத சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு சுமார் 3.5 கிராம் புரதம் என்றால், வடித்த தயிரில் அது 9 கிராம் அளவுக்கு உயர்கிறது, ஏனெனில் புரதம்தான் வலை. லாக்டோஸ் தண்ணீரில் கரைவது. ஆகவே தண்ணீரோடு அதுவும் ஓரளவு குறைகிறது. கால்சியத்தின் கதைதான் பலரை ஏமாற்றுகிறது. இவ்வளவு கெட்டியான தயிரில் கால்சியமும் இரட்டிப்பாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அமிலம் ஏறியபோதே அது கேசீனை விட்டுக் கரைந்துவிட்டது என்று மேலே பார்த்தோம். கரைந்தது தெளிநீரோடு போய்விடுகிறது. வடித்த தயிரின் 100 கிராமில் சுமார் 100 முதல் 110 மில்லிகிராம் கால்சியம்தான். சாதாரணத் தயிரைவிட அது சற்றுக் குறைவு. புரதத்திற்காக கிரேக்கத் தயிரைத் தேர்ந்தெடுப்பவர் சரியான காரணத்தோடு தேர்ந்தெடுக்கிறார். கால்சியத்திற்காகத் தேர்ந்தெடுப்பவர் சாதாரணத் தயிரோடு நின்றிருக்கலாம்.

தொழிற்சாலைகளில் துணிக்குப் பதிலாக, வேகமாகச் சுழன்று தெளிநீரைப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரங்களோ, நுண்துளைச் சவ்வுகளோ இந்த வேலையைச் செய்கின்றன. ஒரு கிலோ வடித்த தயிருக்கு மூன்று, நான்கு கிலோ பால்வரை செலவாகிறது. எஞ்சும் அமிலத் தெளிநீர் மலைபோல் சேர்கிறது. அதை ஓடையில் விட்டால், அதிலுள்ள சர்க்கரையைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிட, மீன்கள் மூச்சுத் திணறும். அதனால் கால்நடைத் தீவனமாகவும் வயல்களுக்கு உரமாகவும் கழிவிலிருந்து எரிவாயு தயாரிக்கும் கலன்களுக்கு இரையாகவும் அதை அனுப்புகிறார்கள். பாலைக் குறைவாகச் செலவிட்டு, தெளிநீர்த் தொல்லையும் இல்லாமல் அதே கெட்டித்தன்மையைப் பெறும் குறுக்குவழியாகத்தான் புரதப் பொடியும் மாவுச்சத்தும் டப்பாவுக்குள் வந்தன.

கிரேக்க மொழியில் வடித்த தயிரை ‘ஸ்ட்ராங்கிஸ்தோ’, அதாவது வடிகட்டியது, என்றே சொல்கிறார்கள்; நாட்டின் பெயர் அதில் இல்லை. கிரேக்கத்தில் மேற்பரப்பில் ஆடை படிந்த, வடிக்காத ஆட்டுப்பால் தயிரும் உண்டு என்பதால், அங்கே பிரித்துச் சொல்ல வேண்டியது வடித்ததா இல்லையா என்பதைத்தான். வெளிநாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் தயாரான சோபானி தயிரை பிரிட்டனில் ‘கிரீக் யோகர்ட்’ என்ற பெயரில் விற்கக்கூடாது என்று, ஏதென்ஸில் தோன்றிய ஃபாயே நிறுவனம் தொடுத்த வழக்கில் 2013-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதனால் அங்கே மற்றவர்கள் ‘கிரேக்க பாணி’ என்று போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலோ ‘கிரீக்’ என்ற சொல்லுக்குத் தனியான சட்ட வரையறை கிடையாது. ஆகவே மூடியைவிட, உட்பொருள் பட்டியலை நம்புவதே மேல்.

பட்டியல் குட்டையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, கொழுப்பின் அளவைப் பார்க்க வேண்டும். கொழுப்பே இல்லாத வகையில் புரத வலைக்கு இடையே மசகு ஏதும் இல்லை. செறிந்த புரதம் எச்சிலின் புரதங்களோடு ஒட்டி, வாயில் சுண்ணாம்புப் பொடி பூசியது போன்ற ஒரு வறட்சியை உண்டாக்குகிறது. கொழுப்புத் துளிகள் வலைக்குள் உட்கார்ந்திருந்தால் அந்த வறட்சி மறைந்து, வெண்ணெயின் வழவழப்பு வருகிறது. என் விருப்பம் 5 விழுக்காடு கொழுப்புள்ள, இனிப்பு சேர்க்காத வகை; 10 விழுக்காட்டுத் தயிர் மேலும் சுவையானதுதான் என்றாலும், இரண்டு கரண்டிக்கு மேல் போகாது. இனிப்பைப் பொறுத்தவரை ஒரு எளிய கணக்கு உதவும். வெறும் வடித்த தயிரில் 100 கிராமுக்கு இயற்கையாக இருக்கும் சர்க்கரை சுமார் 4 கிராம்தான். பழம் கலந்த டப்பாவில் 13 என்று போட்டிருந்தால், மீதி 9 பழத்திலிருந்தும் சர்க்கரைப் பையிலிருந்தும் வந்தது. தேதியையும் கவனிக்கலாம். குளிரில் வைத்தாலும் பாக்டீரியாக்கள் முற்றிலும் உறங்கிவிடுவதில்லை. மெல்ல மெல்ல அமிலம் ஏறிக்கொண்டே போகும். புளிப்பு பிடிக்காதவர்கள் புதிதாக வந்ததையும், பிடித்தவர்கள் சில நாள் பொறுத்ததையும் எடுக்கலாம்.

வாங்கி வந்த டப்பாவைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. நடுவில் ஒரு கரண்டி தோண்டி எடுத்துவிட்டு, மூடி, குளிரில் வைத்துவிட வேண்டும். வடித்த தயிரில் மறுநாள் அந்தக் குழியில் சிறிது தண்ணீர் தேங்கியிருக்கும். வெட்டுப்பட்ட வலை தன்னைச் சுருக்கிக்கொண்டு உள்ளிருந்த தெளிநீரைப் பிழிந்து விடுவதால் வரும் தண்ணீர் அது. கெட்டுப்போனதற்கான அறிகுறி அல்ல, கலக்கிவிட்டால் போதும். மாவுச்சத்தும் பெக்டினும் சேர்த்த தயிரில் குழி பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும், ஏனெனில் அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தண்ணீர் விடாத தயிரை நல்ல தயிர் என்று நினைத்து வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சற்றுக் கடினம்.

நல்ல கட்டித் தயிர் இருந்தால், வீட்டிலும் வடித்துக்கொள்ளலாம். வடிதட்டின் மேல் மெல்லிய துணியை விரித்து, ஒரு கிலோ தயிரை ஊற்றி, மூடி, குளிரிலேயே வைத்தால், சில மணி நேரத்தில் பாதியளவுக்குச் சுண்டிவிடும். 400 கிராம் அளவுக்கு வந்தபின் கடையில் கிடைக்கும் கெட்டித்தன்மை கிடைக்கும். அவசரப்பட்டுத் துணியை முறுக்கிப் பிழிந்தால், வலை உடைந்து தயிரும் துணியின் கண்கள் வழியே வந்துவிடும்.

உண்ணும் விதங்களிலும் அதே வலைதான் பேசுகிறது. கிரேக்கர்கள் தேனும் வால்நட்டும் சேர்த்து உண்பது எளிமையான வழி. ஆனால் தேனை உண்ணும் வேளையில் ஊற்ற வேண்டும். செறிந்த சர்க்கரை சவ்வூடு பரவல் போலத் தயிரின் தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பதால், முன்கூட்டியே ஊற்றினால் அரை மணி நேரத்தில் தேன் நீர்த்து ஓடும். வெள்ளரியும் தயிரும் கலந்த கிரேக்கப் பச்சடியான சாட்சிகி செய்யும்போது வெள்ளரிக்காயைத் துருவி உப்பிட்டு, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்து சேர்ப்பதும் இதே காரணத்தால்தான். 95 விழுக்காடு தண்ணீரான வெள்ளரி அப்படியே உள்ளே போனால், பாடுபட்டு வடித்ததெல்லாம் வீண். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் பிறகு சேரும். எதனோடு உண்டாலும், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைப்பது நல்லது. தயிரின் மணத்திற்கு முக்கியக் காரணமான அசிட்டால்டிஹைடு 20 டிகிரிக்குச் சற்று மேலேயே கொதித்து ஆவியாகும் பொருள். கடுங்குளிரில் அது மூக்கை எட்டுவதில்லை.

பழங்களில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒருமுறை பச்சை அன்னாசித் துண்டுகளைத் தயிரில் கலந்து, காலை உணவுக்கென்று இரவே எடுத்து வைத்தேன். காலையில் தயிர் இளகிக் கிடந்தது. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்தை மென்றது போன்ற கசப்பு. அன்னாசியிலுள்ள புரோமெலைன் என்ற நொதி இரவு முழுவதும் கேசீனை நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது; நறுக்கப்பட்ட சிறு துண்டுகளில் பல கசப்பானவை. கிவி, பப்பாளி ஆகியவற்றிலும் இத்தகைய நொதிகள் உண்டு. கலந்தவுடன் உண்டுவிட்டால் சிக்கல் இல்லை. டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கனவே சூடுபட்டு நொதியை இழந்தது என்பதால் அதை இரவே கலந்து வைக்கலாம்.

அடுப்பில் மட்டும் கதை தலைகீழாகிறது. வடித்த தயிரைக் கொதிக்கும் குழம்பில் ஊற்றினால், வலை சுருங்கி, தண்ணீரைப் பிழிந்துவிட்டுத் திரிதிரியாகப் பிரிகிறது. கொழுப்பு குறையக் குறைய இது விரைவாக நடக்கும். நான் இதுவரை குறை சொல்லிவந்த மாவுச்சத்துத் தயிர் அங்கே பெரும்பாலும் பிரியாமல் நின்றுவிடும், ஏனெனில் ஊதிய மாவுத் துகள்கள் புரதங்களுக்கு இடையில் புகுந்து அவை கட்டியாவதைத் தடுக்கின்றன. அந்தத் தந்திரத்தை நாமும் கடன் வாங்கலாம்: வடித்த தயிரில் ஒரு சிறு கரண்டி சோளமாவைக் கரைத்து, அடுப்பை அணைத்த பின், சூடான குழம்பில் இரண்டு கரண்டியைத் தயிரில் விட்டுக் கலக்கி, அதன் சூடு ஏறிய பிறகே பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். வீட்டில் வடித்தபோது கிண்ணத்தில் சேர்ந்த தெளிநீர் இன்னும் இருந்தால், அதையும் கொட்ட வேண்டாம். ரொட்டி மாவு பிசையும்போது தண்ணீருக்குப் பதிலாக ஊற்றினால், தயிரை விட்டுப்போன புளிப்பும் கால்சியமும் ரொட்டியில் வந்து சேரும்.