மாடித்தோட்டத்து மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றாதீர்கள்

பங்குனி பிறந்தால் எங்கள் தெருவில் முதலில் மாறுவது புங்கமரம்தான். மொட்டையாக நின்றது ஒரே வாரத்தில் தளதளவென்று துளிர்த்துவிடும். மாடியில் என் மல்லிகையும் அப்படித்தான். தையில் கவாத்து செய்து தொழு உரம் வைத்துவிட்டால் மாசிக் கடைசியில் கணுவுக்குக் கணு மொட்டு. வெயில் ஏறுவதற்குள் மேலே போய் ஒரு கை மொட்டும் நாலு தக்காளியும் பறித்துக்கொண்டு இறங்கினால், அன்றைக்கு ஓ.பி.யில் எத்தனை குழந்தைகளைப் பார்த்தாலும் அலுப்பு தெரியாது. சென்னையில் இவ்வளவு பேர் மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் நான் குழந்தை மருத்துவர். மாசியிலிருந்து இன்றுவரை, செடிக்கு வாங்கிய மருந்து வயிற்றுக்குள் போய் வந்த மூன்று குழந்தைகளைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது குழந்தைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இரண்டரை வயதுப் பையன். பாட்டியின் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. ஊரில் சொந்தக்காரர் வயலுக்கு அடிக்கிற குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கொஞ்சம் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். பாட்டி இரண்டு முறை அடித்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று அதிலேயே தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போனார். இந்த மருந்து தண்ணீரில் பட்டவுடன் வெள்ளைவெளேரென்று ஆகும். பால் மாதிரியேதான் இருக்கும். பையனுக்குத் தெரிந்த பாட்டில், தெரிந்த நிறம். இரண்டு மடக்குக் குடித்துவிட்டான்.

வீட்டில் உடனே உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள். அங்கேதான் பாதிக் கேடு. மருந்தில் கரைப்பானாகச் சேர்த்திருக்கும் எண்ணெய், வாந்தியோடு திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எங்களிடம் வரும்போது சட்டை முழுக்க வாந்தி, வாயில் நுரை, மூச்சில் இரைச்சல், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி. எந்த மருந்து என்று கேட்டால் யாருக்கும் பெயர் தெரியவில்லை. பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். கண்மணியையும் அந்த வாடையையும் வைத்துத்தான் முறிவு மருந்தான அட்ரோபினை ஆரம்பித்தோம். நான்கு நாள் வென்டிலேட்டர். பிழைத்துக்கொண்டான். (அட்ரோபின் ஏறியதும் குழந்தை முகம் சிவந்து, வாய் வறண்டு, நெஞ்சு படபடவென்று துடிக்கும். பெற்றோர் இதைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நாங்கள் பக்கத்திலேயே இருப்போம்.)

"செடிக்குத்தானே டாக்டர், கொஞ்சம்தான் வெச்சிருந்தேன்" என்று பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் படிக்கிற உங்களிடம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வயலுக்கு அடிக்கிற மருந்து எட்டுத் தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு எதற்கு? மாவுப்பூச்சியைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தால் பெரும்பாலும் போய்விடும். மிஞ்சினால் அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிப் பயிருக்கு அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை போட்டாயிற்று. இன்னமும் அதை ஊரிலிருந்து வாங்கிவந்து கத்தரிக்கு அடிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கத்தரிக்காயைச் சாப்பிடப்போவதும் உங்கள் பிள்ளைதானே?

இப்போது, என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிற பேச்சுக்கு வருகிறேன். "நாங்க கெமிக்கலே தொடுறதில்லை டாக்டர், இயற்கைதான், வேப்பெண்ணெய். அது ஒண்ணும் பண்ணாது." இந்த மாசியில் வந்த முதல் குழந்தைக்கு மூன்று மாதம். சளி கட்டியிருக்கிறது என்று, செடிக்கு வாங்கிய வேப்பெண்ணெயை ஒரு பாலாடை ஊற்றியிருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு, பிறகு வலிப்பு.

வேம்பு நம் வீட்டு மரம். அம்மை போட்டால் வேப்பிலை, சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி, எல்லாம் சரி. பூ வேறு, இலை வேறு, கொட்டைப் பருப்பை ஆட்டி எடுத்த எண்ணெய் வேறு. அந்த எண்ணெய் கைக்குழந்தையின் கல்லீரலையும் மூளையையும் தாக்கும், இரத்தத்தில் அமிலம் கூடும். உயிரே போன குழந்தைகள் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. செடிக்கென்று விற்பதில் கரைவதற்காக வேறு பொருட்களும் சேர்த்திருப்பார்கள். "எங்க காலத்துல எல்லாருக்கும் ஊத்துனோமே" என்பார்கள். ஊற்றினார்கள்தான். பிழைத்த பிள்ளைகள்தான் வளர்ந்து வந்து கதை சொல்கிறார்கள். இயற்கை என்பது ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும், குழந்தைக்கு ஆகுமா என்பதைச் சொல்லாது. பூஜைக்கு நீங்கள் வைத்திருக்கும் மஞ்சள் அரளியும் இயற்கைதான். அதன் விதை இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஓடி விளையாடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தத் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கடையில் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். சதுரத்தைச் சாய்த்து வைத்தது போல ஒரு கட்டம், அதன் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. மருந்து வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில், டம்ளர் எதிலும் மாற்றாதீர்கள். அன்றைக்கு அடிப்பதை மட்டும் கலக்குங்கள், மிச்சம் வைக்காதீர்கள். டப்பாவைப் பூட்டுகிற அலமாரியில் வையுங்கள். மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் பெட்டிக்கு மேலே எல்லாம் பிள்ளைக்கு எட்டும். காலி மருந்து டப்பாவைக் கழுவி எண்ணெய், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது.

பிள்ளைகளை மாடிக்கே விடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தக்காளி சிவப்பதைத் தினமும் ஓடிப்போய்ப் பார்க்கிற சந்தோஷத்தை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம். மருந்து அடித்த நாளில் மட்டும் வேண்டாம்.

அப்படியும் குடித்துவிட்டால், தயவுசெய்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், முட்டை, பால் எதுவும் வேண்டாம். சட்டையைக் கழற்றிவிட்டு உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தோல் வழியாகவும் நஞ்சு ஏறும். கழுவுகிறவர் கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளட்டும். குழந்தை சோர்ந்திருந்தாலோ மூச்சிரைத்தாலோ கழுவிக்கொண்டு நிற்காதீர்கள், சட்டையைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். வரும் வழியில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஆட்டோவோ பைக்கோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் ஏறுங்கள். பக்கத்து வீட்டு கிளினிக் எப்போது திறக்கும் என்று காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு வாருங்கள். பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். மூடியை இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, கையோடு எடுத்து வாருங்கள்.