மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

அக்கம்பக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிக்கு வரும் அறிவியல் ஆசிரியர்களிடம், ஒளிச்சேர்க்கைக்கு ஒரு கேள்வி எழுதச் சொல்வேன். பெரும்பாலானோர் 'ஒளிச்சேர்க்கை – வரையறு' என்றே எழுதுவார்கள். வகுப்பில் இருந்த காலத்தில் நானும் அதைத்தான் கேட்டேன். பிள்ளைகள் பாடநூல் வரியை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்குவார்கள்.

அப்புறம் என் கேள்வியைப் பலகையில் எழுதுவேன். "சாண் உயரத்தில் நட்ட வேப்பங்கன்று இன்று பெரிய மரம். அந்த எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது?" இதை முழு மதிப்பெண் வாங்கிய அதே பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வரச் சொல்வேன். வருகிறவர்கள் கொண்டுவரும் விடை அநேகமாக ஒன்றுதான்: மண்ணிலிருந்து.

பிள்ளைகள்மேல் தப்பில்லை. பெரிய விஞ்ஞானியே தவறிய இடம் இது. வான் ஹெல்மாண்ட் என்ற அந்த விஞ்ஞானி 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்சுதான். எடை முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார். 1648-இல் அச்சான அந்தக் குறிப்பில் காற்று கணக்கிலேயே இல்லை.

ஒருமுறை ஓர் ஆசிரியை எழுந்து, "பச்சை மரத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர்தானே சார், அப்போ தண்ணீர் என்று எழுதினால் எப்படித் தப்பாகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டை என் வினாவில்தான் இருந்தது. அன்றே 'காய்ந்த கட்டையின் எடை' என்று திருத்தினோம். அதன்பிறகுதான் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு என்ற விடை உறுதியாக நின்றது. ஒரு சொல் இல்லாததால், சரியாக யோசித்த பிள்ளைக்குச் சுழியம் போட்டிருப்போம். வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கும் முன் சக ஆசிரியர் ஒருவரை விடை எழுதச் சொல்லிப் பார்ப்பது அதனால்தான் அவ்வளவு அவசியம்.

பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளை எறிந்துவிடக் கூடாது. ஒரு மதிப்பெண் வினாவின் தெரிவுகளுக்கு அவைதான் சரக்கு. மண்ணின் சத்து, வேர் உறிஞ்சிய தண்ணீர், சூரிய ஒளி, காற்று என்று நான்கு தெரிவுகள் வைத்தால், 'சூரிய ஒளி'யைத் தொட்ட பிள்ளை ஆற்றலையும் பொருளையும் ஒன்றாக நினைக்கிறது என்று தெரிந்துவிடும். மறுநாள் எதை நடத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். யாருமே தொடாத தெரிவு இடத்தை அடைப்பதோடு சரி.

திருத்துவதிலும் இதே சிக்கல்தான். "காற்றிலிருந்து, ஏனென்றால் மரம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறது" என்ற ஒரே விடையை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். ஐந்துக்கு நான்கு போட்டவரும் இருந்தார், ஒன்று போட்டவரும் இருந்தார். விடைக்கு எவ்வளவு, காரணத்துக்கு எவ்வளவு என்று யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை. அந்த விடைக்குறிப்பை உருவாக்கவே பிற்பகல் முழுக்கப் போனது. இப்போதெல்லாம் பயிற்சிக்கு வரும்போது பாடநூலோடு, திருத்தாத விடைத்தாள் பத்தும் எடுத்துவரச் சொல்கிறேன்.