உருகாத ஐஸ் குளிர்விக்காது

லண்டன் சவாய் ஹோட்டலின் அமெரிக்கன் பாரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை பார்டெண்டராக இருந்தவர் ஏடா கோல்மன் என்ற பெண்மணி. சார்லஸ் ஹாட்ரி என்ற நடிகர் வேலை முடித்துக் களைப்போடு அங்கே வருவார். சுருக்கென்று ஏதாவது வேண்டும் என்பார். அவருக்காக ஏடா கலந்து கலந்து பார்த்துக் கண்டுபிடித்தது இது: ஜின் பாதி, மூலிகை ஊறிய ஒயினான இத்தாலிய இனிப்பு வெர்மூத் பாதி, மேலே துளியூண்டு ஃபெர்னெட் பிராங்கா என்ற கசப்பு மூலிகை மது. ஹாட்ரி ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்தார், அப்புறம் கிளாஸைக் காலி செய்துவிட்டு, இதுதான் அசல் ஹாங்கி பாங்கி என்றாராம். அதுவே இந்தக் காக்டெய்லின் பெயராகிவிட்டது. அன்றைய ஆங்கிலத்தில் கண்கட்டு வித்தைக்கும் அந்தப் பெயர் உண்டு.

வித்தையில் பாதிதான் பாட்டிலில் இருக்கிறது. மீதி ஐஸ் உருகிய தண்ணீரில்.

தண்ணீர் என்றாலே குடிப்பவர்களுக்குச் சந்தேகம்தான், சரக்கைக் குறைத்து ஏமாற்றுகிறார்களோ என்று. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜின் 45 மில்லி, வெர்மூத் 45 மில்லி, ஃபெர்னெட் 7 மில்லி. மொத்தம் ஏறக்குறைய 97 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் 29 மில்லிபோல. இதை 25 டிகிரி அறை வெப்பத்திலிருந்து மைனஸ் 3 டிகிரிக்கு இறக்க வேண்டுமானால் சுமார் 11,000 ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும்.

ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் கிடக்கும் ஒரு கிராம் ஐஸ், 0 டிகிரிவரை சூடாவதற்கு 38 ஜூல்தான் எடுத்துக்கொள்ளும். அதே ஒரு கிராம் உருகி நீராவதற்கு 334 ஜூல் தேவை. பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். ஆக, ஐஸ் எவ்வளவு சில்லென்று இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. உருகுகிறதா என்பதுதான் விஷயம். இந்தக் கலவையைக் குளிரவைக்க 30 கிராம் ஐஸாவது கரைந்தாக வேண்டும். குளிர்ச்சி வேண்டும், தண்ணீர் வேண்டாம் என்றால் நடக்காது. இறுதியில் கிளாஸில் இருப்பது 127 மில்லி, அதில் ஆல்கஹால் 23 சதவீதம். சதவீதம் இறங்கியதே தவிர, வயிற்றுக்குள் போவது அதே 29 மில்லிதான் என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

0 டிகிரியில் உருகும் ஐஸ் எப்படி ஒரு திரவத்தை மைனஸ் 3-க்குக் கொண்டுபோகிறது? ஐஸின் மேற்பரப்பிலிருந்து நீர் மூலக்கூறுகள் எப்போதும் கழன்றுகொண்டும், திரவத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கும். சுத்தமான நீரில் 0 டிகிரியில் போவதும் வருவதும் சமம். ஆல்கஹால் கலந்திருந்தால் வந்து ஒட்டுவதற்கு நீர் மூலக்கூறுகள் குறைவு. அதனால் பூஜ்யத்துக்குக் கீழேயும் ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும், அதற்கான வெப்பத்தைப் பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் கல்லுப்பைப் போடுவதும் இதற்காகத்தான். ஏற்கெனவே ஈரம் சொட்டும் ஐஸைப் போட்டால் மட்டும் நஷ்டம்: அந்த ஈரம் எப்போதோ உருகிவிட்டது, இனி பெரிதாகக் குளிர்ச்சி தராது, தண்ணீராகத்தான் சேரும்.

இதைக் குலுக்க வேண்டுமா, கரண்டியால் கலக்க வேண்டுமா? சவாய் ஹோட்டலின் 1930ஆம் ஆண்டுக் காக்டெய்ல் புத்தகம் குலுக்கத்தான் சொல்கிறது. இன்றைய பார்டெண்டர்கள் கலக்குகிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. குலுக்கினால் வேகமாகக் குளிரும், ஆனால் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் ஐஸ் துணுக்குகளும் புகுந்து பானம் கலங்கிவிடும். எலுமிச்சைச் சாறு உள்ள பானத்துக்கு அந்த நுரை அழகு. இங்கே வேண்டியது பட்டுப்போல வழுக்கும் தெளிவு. நீண்ட கரண்டியால் அரை நிமிடம் சுழற்றினால் போதும்.

இனி கசப்பு. மிலானில் 1845இல் பிறந்த ஃபெர்னெட் பிராங்காவில் 27 மூலிகைகள் என்கிறார்கள்: ஜென்ஷியன் வேர், கற்றாழை, வெள்ளைப்போளம், குங்குமப்பூ எல்லாம் உண்டு. ஜென்ஷியனில் உள்ள அமரோஜென்டின் என்ற பொருளை 5.8 கோடி மடங்கு நீர்த்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். வெர்மூத்திலும் கசப்பு இருக்கிறது. அந்தப் பெயரே எட்டி போலக் கசக்கும் வெர்முட் என்ற ஜெர்மன் செடிப் பெயரிலிருந்து வந்தது. அந்தச் செடி நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன், இரண்டும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம்.

இனிப்பை உணர மனிதனுக்கு ஒரே வகை ஏற்பிதான் (சுவையைப் பிடித்துக்கொள்ளும் புரதம்); கசப்புக்கோ சுமார் 25. செடிகளின் நஞ்சு பெரும்பாலும் கசக்கும் என்பதால் பரிணாமம் இத்தனை காவலாளிகளை நிறுத்தியிருக்கிறது. அவர்களைச் சமாதானப்படுத்துவது வெர்மூத்தின் சர்க்கரை. இனிப்பு வெர்மூத் என்று பெயர் போட ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 130 கிராம் சர்க்கரை வேண்டும். நம் 45 மில்லியில் கிட்டத்தட்ட 6 கிராம். சர்க்கரை கசப்பான மூலக்கூறை ஒன்றும் செய்வதில்லை. நாக்கின் ஒரு பக்கம் இனிப்பையும் மறு பக்கம் கசப்பையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தபோதும் கசப்பு குறைவாகவே தெரிந்தது. அதாவது சமரசம் நடப்பது மூளையில். கசாயத்தில் கொஞ்சம் கருப்பட்டி போட்ட பாட்டிகளுக்கு இந்தச் சோதனை தேவைப்படவில்லை.

கடைசியில் ஆரஞ்சுத் தோலைக் கிளாஸின் மேல் மடித்துப் பிழிவார்கள். தோலின் எண்ணெய்ப் பைகள் வெடித்து லிமோனீன் என்ற மணப்பொருள் மெல்லிய தாரைகளாகப் பீய்ச்சும். சாறு ஒரு துளிகூட விழாது, மணம் மட்டும் மேலே படியும்.

கிளாஸ் சிறியதாக இருப்பதற்கும் காரணம் உண்டு: பானம் சூடேறுவதற்குள் குடித்து முடித்துவிடலாம். இனிப்புச் சேதியை நரம்புக்குக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்ற நுண்ணிய கதவு குளிரில் சோம்பிக் கிடக்கும், வெப்பம் ஏற ஏறத் திறக்கும். ஆகவே பேசிக்கொண்டே மெதுவாகக் குடிப்பவரின் கடைசி வாய், முதல் வாயைவிடத் தித்திப்பாக இருக்கும்.