ஒரே பீரோவில் இரண்டு பிரதிகள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இருபது வருடமாக டியூஷனுக்கு எழுதிச் சேர்த்த குறிப்புகள் இருந்த லேப்டாப், பீரோவின் கீழ்த்தட்டில். "அதான் ஹார்ட் டிஸ்க்ல காப்பி இருக்கே" என்று மனைவியிடம் தெம்பாகச் சொன்னேன். அந்த டிஸ்க்கும் லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே, உறைக்குள் பத்திரமாக நனைந்துகொண்டிருந்தது.

காயவைத்து இணைத்தால் 'டக்... டக்... டக்' என்று சீரான சத்தம். இதுமாதிரி டிஸ்க்குக்குள் பளபளப்பான தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதிலுள்ள காந்தப் பதிவுகளைப் படிக்கும் முனை, தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர். அப்படியென்றால் ஒரு சேற்றுத் துகள் அந்த முனைக்கு மலை. தட்டில் தன் இடத்தைக் காட்டும் குறிகளை முனை தேடுகிறது. கிடைக்காமல் ஓரத்துக்குத் திரும்பி மறுபடி தேடுகிறது. அந்த அலைச்சல்தான் 'டக்'. கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். நான் அரை மணி நேரம் விடாமல் முயன்று, மிச்சமிருந்ததையும் கீறி வைத்தேன்.

லேப்டாப்பின் போர்டும் போய்விட்டது. ரிப்பேர் கடைத் தம்பி அதிலிருந்து கழற்றிக் கொடுத்த, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மட்டும் பிழைத்தது. அதில் சுற்றும் பாகமே கிடையாது. நுண்ணிய செல்களில் அடைபட்ட மின்னூட்டம்தான் எழுத்து. ஆனால் அதன் கட்டுப்பாட்டு சிப் செத்தால் 'டக்' என்றுகூடச் சொல்லாமல் போய்விடும். எனக்கு வாய்த்தது வெறும் அதிர்ஷ்டம்.

ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் பழுதாகும் வாய்ப்பு 20-ல் 1 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டும் அதே வருடத்தில் போக 400-ல் 1. கணக்கு சரி, ஆனால் ஒன்று போவதற்கும் இன்னொன்று போவதற்கும் சம்பந்தமே இல்லாதவரைதான் இந்தப் பெருக்கல் செல்லும். ஒரே பீரோ என்றால், வெள்ளத்தின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

கிளவுடில் போட்டால் போதாதா? வெள்ளத்துக்குப் போதும். கை தவறி அழித்தால்? எல்லாக் கருவியிலும் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் வெறும் 'சிங்க்' அந்த அழிப்பையும் ஒழுங்காக எல்லாக் கருவிக்கும் கொண்டுபோகும். பழைய வடிவங்களையும் வைத்திருப்பதுதான் பேக்கப். அதற்கு இடம் நிறையப் பிடிக்காது. நல்ல பேக்கப் மென்பொருள் கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரி ஓர் எண்ணைக் கணக்கிடும். எண் மாறிய துண்டை மட்டும் புதிதாகச் சேமிக்கும். வெறும் எழுத்துக்கு இடமும் கொஞ்சம்தான்: கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கி' 6 பைட். ஆயிரம் பக்கத் தமிழும் ஒரு எம்பி3 பாட்டு அளவுதான் வரும்.

இப்போது வீட்டில் ஒன்று, கிளவுடில் ஒன்று, மதுரையில் மச்சான் வீட்டில் ஒரு பென்டிரைவ். மாதம் ஒருமுறை ஏதாவதொரு கோப்பைத் திறந்து பார்க்கிறேன். போன மாதம் 2004-ல் எழுதிய ஒன்று கையில் வந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண் தரும் யூனிகோடுக்கு முந்தைய, தனக்கென்று தனிக் குறியீடு வைத்திருந்த ஏதோ ஃபான்ட்டில் அடித்தது. அந்த ஃபான்ட் இப்போது என்னிடம் இல்லை. மூன்று பிரதியும் ஒரு பிட் பிசகாமல் இருக்கின்றன, மூன்றிலும் ஒரே கிறுக்கல். அந்த ஃபான்ட்டின் பெயரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.