மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் 'மனநிறைவு' இல்லை

இந்த நொடியில் நடப்பதைக் கவனத்தோடு உணர்ந்திருக்கும் பயிற்சியை ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்கள். அதை 'மனநிறைவு' என்று பெயர்க்கும் வழக்கம் பரவிக்கொண்டே போகிறது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உளவளத்துணை செய்பவர்களாவது இதை விட்டுவிட வேண்டும். மனநிறைவு என்றால் திருப்தி. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்களை மூடியது. அப்படியொரு சரிவில் வீட்டாரைப் பறிகொடுத்தவரிடம் போய் 'மனநிறைவோடு மூச்சு விடுங்க' என்றால் அவர் மனம் எப்படி நோகும்!

மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல்லுக்கு மூலம், பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியின் 'சதி'. வடமொழி ஸ்மிருதியும் இதுவும் ஒரே வேர். நினைவு, மறவாமை என்பதே அடிப்படைப் பொருள். இலங்கையில் அரச உத்தியோகத்தராக இருந்து பாளி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியான தம் பௌத்த சூத்திர மொழிபெயர்ப்பில் சதிக்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்று எழுதினார். 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபாட்-சின் அதை மருத்துவப் பயிற்சியாக வகுத்தார். சிங்களத்தில் 'சிஹிய' என்கிறார்கள். நாம் 'சதி' என்று எழுதினால் சூழ்ச்சி ஆகிவிடும்.

பழந்தமிழில் பொருத்தமான சொல் இருந்தது. 'கடைப்பிடி என்பது கொண்ட பொருள் மறவாமை' என்கிறது இறையனார் களவியல் உரை. பௌத்தத்தின் எண்வகை நெறியில் ஒன்றை நற்கடைப்பிடி என்று சொல்வதும் இதனால்தான். ஆனால் இன்று கடைப்பிடி என்றால் விதியைப் பின்பற்று என்றுதான் காதில் விழும்.

சரி, தோட்டத்தில் என்ன சொல்கிறார்கள்? தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி கையில் பட்டுவிட்டால், 'நெனப்ப எங்க வச்சிருந்த?' என்று பக்கத்து நிரையிலிருந்து ஓர் அதட்டல் வரும். நினைவும் கவனமும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. பாளிச் சொல்லிலும் இதே இரட்டைப் பொருள்தான்.

நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு (PTSD), அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு, உள்ளவருக்கு இந்த இரட்டைப் பொருள் முக்கியம். தகரக் கூரையில் மழை பலத்தால் போதும், பழைய சரிவு இப்போது நடப்பதுபோல உடம்பு பதறும். கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்துப் பக்கமே போகாமை, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 'மறந்துடு' என்று சொல்வதால் பயனில்லை. நினைப்பை இந்த நிமிடத்துக்குக் கொண்டுவரத்தான் உதவி வேண்டும்.

அதற்காக உடனே கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லக் கூடாது. மனவடு உள்ள சிலருக்குக் கண் மூடியதும் அந்தக் காட்சியே வந்து நிற்கும். கண் திறந்தபடி, பாதம் இரண்டையும் சீமெந்துத் தரையில் ஊன்றி, கையில் உள்ள பிளேன்டீயின் சூட்டை உணர்வது, எதிரே தெரிகிற பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணுவது, இப்படித் தொடங்கலாம். பதற்றம் கூடினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இது துணைப் பயிற்சிதான். முதன்மையான சிகிச்சை, பயிற்சி பெற்றவரோடு அந்த நினைவையே பாதுகாப்பாக, படிப்படியாக எதிர்கொள்ளும் உளச்சிகிச்சை.

என் தெரிவு இது: எழுத்தில் 'முழுக்கவனம்', பேச்சில் 'நினைப்போடு இருப்பது'. எங்கே போவதென்று தெரியாதவர்கள் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.