சுவரில் தெரியும் சரக்கு மாற்றம்

பழைய செங்கல் கட்டடங்களைச் சீரமைக்கும் பொறியாளன் என்ற முறையில், விரிசலை அடைக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டு வருபவர்களிடம், அந்தச் சுவருக்கான செங்கல் எங்கிருந்து, எந்தக் காலத்தில் வந்தது என்பதையே நான் முதலில் கேட்பேன். வீண் கேள்வி என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஜெஃபர்சன் கோட்டையின் கதையைச் சொல்வது வழக்கம்.

அமெரிக்காவின் புளோரிடாவில், கீ வெஸ்ட் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், நன்னீர் ஊற்றே இல்லாத டிரை டொர்டுகாஸ் தீவுகளில் ஒன்றின்மீது 1846ஆம் ஆண்டு இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். மணலும் பவளக் கல்லும் தவிர வேறெதுவும் கிடைக்காத அந்த இடத்துக்கு, ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் கப்பலில்தான் வந்தன. கீ வெஸ்ட் உரிமையாளர்களிடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட அடிமைகளும் அங்கே உழைத்தார்கள்; அதைச் சொல்லாமல் சரக்குக் கணக்கை மட்டும் பேசுவது முறையாகாது.

தொடக்கத்தில் செங்கல் அதே புளோரிடாவின் பென்சகோலா பகுதிச் சூளைகளிலிருந்து வந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது கோட்டை வடதரப்பின் கையிலேயே இருந்தது, சூளைகளோ எதிர்த்தரப்பான தென்மாநிலங்களின் பக்கம் போய்விட்டன. அதன்பின் மெய்ன் போன்ற வடகோடி மாநிலங்களிலிருந்து செங்கல் தருவிக்க வேண்டியதாயிற்று. சுவரின் கீழ்ப்பகுதி வெளிறியும் மேற்பகுதி அடர்சிவப்பாகவும் இன்றும் தெரிவது இதனால்தான்.

மண்ணும் சூட்டின் பதமும் மாறினால் செங்கல் நீரை உறிஞ்சும் அளவும் மாறும். ஒரு பழைய கிடங்கில் கீழ்வரிசைச் செங்கல்லை மட்டும் சோதித்துவிட்டு, சுவர் முழுவதற்கும் ஒரே சிமெண்ட் கலவையை நானே பரிந்துரைத்திருக்கிறேன். இரண்டு மழைக்காலத்துக்குள் மேல்வரிசைச் செங்கற்களின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சுண்ணாம்புக் கலவையாக இருந்திருந்தால், ஈரம் செங்கல்லின் வழியாக அல்லாமல் இணைப்புகளின் வழியாக வெளியேறியிருக்கும்.

கோட்டைக்குப் பெரும் சேதம் விளைவித்தது இரும்பு. அமெரிக்க ராணுவத்தின் தலைமைப் பொறியாளர் ஜோசப் டாட்டன் வடிவமைத்த இரும்புக் கதவுகள் பீரங்கித் துளைகளில் பொருத்தப்பட்டிருந்தன. உப்புக்காற்றில் துருவேறிய இரும்பு பருத்து, சுற்றியிருந்த செங்கற்களை வெளியே தள்ளியது. அத்தகைய இடத்தில் செங்கல்லை மட்டும் மாற்றிப் பூசினால் துரு மீண்டும் அதையே செய்யும் என்பதால், உள்ளிருக்கும் இரும்பை எடுத்த பிறகே செங்கல் வேலையைத் தொடங்க வேண்டும். ஒப்பந்ததாரர் தரும் மதிப்பீட்டில் இரும்பை அகற்றும் செலவு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.