சிப்பித் தூளும் சுண்ணாம்பும் ஒன்றல்ல, தம்பிமாரே

கிட்டாரில் சிப்பி பதிப்பது அழகான வேலை. அதைச் செய்யாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டிய காம்பராவுக்குள் உட்கார்ந்து, கிரைண்டரில் சிப்பியைத் தண்ணீர் தொடாமல் அறுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஹட்டனில் கிட்டார் செய்தும் பழுது பார்த்தும் பிழைப்பவன் நான். கழுத்து வளைந்துவிட்டது, பிரிட்ஜ் கழன்றுவிட்டது என்று வருகிறவர்கள் போக, இப்போது இருமிக்கொண்டே வருகிறவர்களும் கூடிவிட்டார்கள்.

கடைசியாக வந்தவர் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த பிள்ளை. தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கிறார். மடுத் திருவிழாவுக்குப் போனபோது மன்னாரில் வாங்கிய சிப்பிகளை அறுத்து, கிட்டார் கழுத்தில் விரல் வைத்து அழுத்தும் பலகையான ஃபிரெட்போர்டில் கொடியும் இலையுமாகப் பதிக்கப் பார்த்திருக்கிறார். வெளியே விடாத மழை. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, லயக் காம்பராவுக்குள்ளேயே இரவு வேலை. அதே காம்பராவில் தங்கச்சி படுத்திருக்கிறாள். இப்போது இரண்டு பேருக்கும் இருமல். ஆனால் அவர் என்னிடம் கேட்டது, "அண்ணே, இந்த இலை ஏன் கழண்டு வருது?" என்பதை மட்டும்தான். பள்ளத்தைப் பெரிதாகத் தோண்டியதாலும் இடைவெளியைச் சரியாக நிரப்பாததாலும் கழன்றது. அதைச் சரி செய்துவிடலாம்.

இருமலைப் பற்றி நான் கேட்டதும் வந்தது வழக்கமான பதில்: "கடல் சிப்பிதானே அண்ணே, இயற்கைச் சாமான்தானே."

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இதோடு இன்னும் இரண்டு சேர்ந்து வரும். சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைத்தானே அப்பாயி வெற்றிலையில் தடவித் தின்கிறார்? சித்த வைத்தியர் முத்துச்சிப்பியைப் புடம்போட்டுச் சாம்பலாக்கிய பற்பம் கொடுப்பதில்லையா? சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிப்பியில் ஏறத்தாழ 95 சதவீதம் கல்சியம் காபனேற்று. மீதியில் முக்கியமானது புரதம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்க, அவற்றை ஒட்டிப் பிடித்திருப்பது அந்தப் புரதம்தான். ஒரு தகட்டின் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய 2000இல் ஒரு பங்கு. நீங்கள் ஆசைப்படுகிற அந்த வானவில் மினுக்கமே இந்த அடுக்கால் வருவதுதான். சுட்டெடுத்த சுண்ணாம்பிலும் பற்பத்திலும் இந்தப் புரதம் எரிந்து போயிருக்கும். சுடாத பச்சைச் சிப்பியின் தூளில் அப்படியே இருக்கும். மூச்சுக்குழாயில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது அது. சிப்பித் தூளில் வேலை செய்து ஆஸ்துமா வந்தவர்கள் உண்டு.

அடுத்தது, தின்பதும் மூச்சில் இழுப்பதும் ஒன்றல்ல. வயிற்றில் அமிலம் இருக்கிறது. கல்சியம் காபனேற்றை அது கரைத்துவிடும், மிச்சம் வெளியே போய்விடும். நுரையீரலில் அப்படி ஓர் அமிலம் இல்லை. ஆழத்துக்குப் போன நுண்தூளை உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்ற வேண்டும். கல்சியம் உடம்புக்கு நல்லதுதானே என்று ஒருவர் கேட்டார். பாலும் நல்லதுதான், புரைக்கேறினால் தெரியும்.

இணையத்தில் இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு கதை ஓடுகிறது: சிப்பித் தூள் கொடிய விஷம், ஒரு தடவை சுவாசித்தாலே ஆள் போச்சு என்று. அதுவும் பொய். அந்தக் கதையைப் படித்துப் பயந்தவர், ஒரு நாள் அறுத்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்றதும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுகிறார். ஒவ்வாமை முதல் நாளே வர வேண்டும் என்றில்லை. பலருக்கு வராமலே போகலாம். வந்தவருக்கோ, அதற்குப் பிறகு கொஞ்சம் தூள் பட்டாலும் நெஞ்சு இறுகும்.

மரத்தூளும் சளைத்ததல்ல. ஃபிரெட்போர்டுக்கு நாம் போடும் கருங்காலியின் தூள் மூக்கையும் தோலையும் அரிக்க வைக்கும், ரோஸ்வூட்டும் அப்படியே. கருங்காலித் தூளை எபொக்சிப் பசையில் குழைத்து இடைவெளியை நிரப்பினால் பிசிறு தெரியாது என்பது உண்மைதான், நானும் அப்படித்தான் நிரப்புகிறேன். அதற்காகத் தூளை மேசையெல்லாம் பரப்பி வைக்க வேண்டாம், மூடியுள்ள போத்தலில் போடுங்கள். சூப்பர் குளூ சிந்தினால் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், சூடேறிப் புகையும்.

மழையும் குளிரும் எனக்கும் தெரியும். எட்டு மாதம் ஸ்வெட்டர் போடுகிற ஊரில் ஜன்னலைத் திற என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூள் கீழே விழுந்துவிடும், தெரியாத தூள் மூடிய காம்பராவில் மணிக்கணக்கில் மிதக்கும். நீங்கள் வேலையை முடித்துப் படுத்த பிறகும் தங்கச்சி அதைத்தான் சுவாசிக்கிறாள்.

ஆகவே, வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்காருங்கள். கிரைண்டரை வைத்துவிட்டு, நகை ஆசாரிமார் பிடிக்கும் மெல்லிய கைவாளை எடுங்கள். அலகு கொழும்பு செட்டியார் தெருவில் கிடைக்கும். அறுக்கும் கோட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், தூள் சேறாகிவிடும். கரண்டில் ஓடும் கருவியில் மட்டும் தண்ணீர் விட்டுவிடாதீர்கள், இருமலுக்குப் பதில் உயிரே போகும். பதித்த பிறகு மட்டம் தட்டும்போதுதான் தூள் அதிகம். பதிக்கும் சிப்பித் துண்டு ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் தட்டையானது, ஃபிரெட்போர்டோ வளைவானது, தேய்க்காமல் முடியாது. அங்கே தண்ணீர் மரத்துக்கு ஆகாது. கையால், வெளியில், மாஸ்க்கோடு தேயுங்கள்.

மாஸ்க் என்றால் துவாய் இல்லை. கொரோனா காலத்து நீல மாஸ்க்கும் இல்லை, அதன் ஓரமெல்லாம் ஓட்டை. என்95 வாங்குங்கள். தாடி வைத்திருந்தால் அதுவும் முகத்தில் ஒட்டாது, எனவே தாடியா சிப்பியா என்று முடிவு பண்ணுங்கள். முடிந்ததும் விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளைகளைத் தூக்குங்கள்.

அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் நிறுவனம் 1933இல் பாடகர் ஜீன் ஆட்ரிக்காகச் செய்த டி-45 கிட்டாரின் அபலோன் சிப்பி ஓரத்தைப் படத்தில் பார்த்துவிட்டு, அதேபோல் வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு ஒன்று. மேடைக்கு மினுக்கம் மட்டும் போதுமென்றால் சிப்பி பதித்ததுபோல் தெரியும் இன்லே ஸ்டிக்கர் வருகிறது, ஒட்டுங்கள், வெட்கமில்லை. ஆமை ஓடும் தந்தமும் தாத்தா காலத்துப் பெட்டியில் கிடந்தது என்று என்னிடம் எடுத்து வராதீர்கள். அது சட்டச் சிக்கல், தொடமாட்டேன்.

ஏற்கனவே இருமல், இளைப்பு, இரவில் நெஞ்சு இறுக்கம் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனால், சிப்பியும் மரமும் அறுத்தேன் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். குளிரால் வந்த இருமல் என்று நீங்களே சொல்லிவிட்டால், அவர் பாணி மருந்துதான் எழுதித் தருவார். அந்தப் பிள்ளையையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கிட்டார் என்னிடம்தான் இருக்கிறது, இலையை நான் பதித்து வைக்கிறேன்.